குளிர்கால மீன்பிடிக் கையுறை பற்றிய முறைப்பாடு

லண்டன்
23 டிசம்பர் 2024

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

விடயம்: பற்றரியில் சூடாகும் ஃப்ளை ஃபிஷிங் கையுறையை நிராகரித்து முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பது

வணக்கம்.

டிசம்பர் 2ஆம் திகதி உங்கள் இணையக் கடையில் குளிர்கால ஃப்ளை ஃபிஷிங் கையுறை ஒரு சோடி வாங்கினேன். விலை 129 பவுண். 5ஆம் திகதி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எந்த வேலைக்கென்று சொல்லி விற்றீர்களோ அந்த வேலைக்கு அது உதவவில்லை. 20ஆம் திகதி தொலைபேசியில் கதைத்தபோது பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் என்றால் நாலு வரியில் முடித்திருப்பேன். தமிழில் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியை எடுத்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். அவர் முதலில் கேட்டது இதுதான்: "அக்கா, நீங்கள் தண்ணிக்குள்ள கை விட்டனீங்களோ?" மீன் பிடிக்கத்தானே தம்பி வாங்கினது என்றேன். "அப்ப அது வாரன்டியில வராது அக்கா. தண்ணி படக்கூடாது எண்டு புத்தகத்தில போட்டிருக்கு."

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். கையுறையோடு வந்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மழைத் தூறல் வரைக்கும் பரவாயில்லை, நனைய விடக்கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. உங்கள் விற்பனைப் பக்கத்திலோ கொட்டை எழுத்தில் "முற்றிலும் நீர்புகாதது, ஃப்ளை ஃபிஷிங்கிற்கென்றே வடிவமைத்தது" என்று இருக்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கவே இல்லைப் போலும்.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன என்று உங்கள் பக்கம் யாராவது ஒருவர் தெரிந்துகொள்வது நல்லது. தூண்டிலைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்து, கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தக்கையைப் பார்க்கும் வேலை அல்ல இது. பூச்சியைப் போலக் கட்டிய கொக்கிக்கு எடை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நாங்கள் வீசுவது லைனைத்தான். பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய அந்தத் தடித்த லைன் ஒவ்வொரு வீச்சுக்கும் போய் ஆற்றில் படுக்கிறது. அதை இடக்கையால் இழுத்து, வலக்கைச் சுட்டுவிரலுக்கும் தடியின் பிடிக்கும் நடுவில் அழுத்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வேண்டும். இழுக்கும் ஒவ்வொரு முறையும் லைனில் ஒட்டியிருக்கும் தண்ணீர் விரலில் பிழிபடுகிறது. நீங்கள் கையை ஆற்றுக்குள் விடவே தேவையில்லை, ஆறு கைக்கு வந்துவிடும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த துணி விரலைச் சுற்றியிருக்க, மேலே காற்றும் அடித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் போவது ஹாம்ப்ஷயரில் வின்செஸ்டரைத் தொட்டுக்கொண்டு ஓடும் இச்சென் ஆற்றுக்கு. ட்ரவுட் மீன் பிடிக்கும் காலம் முடிந்த பிறகு அங்கே கிரேலிங் மீன்தான். மார்ச் 14 வரை பிடிக்கலாம், அதாவது நல்ல குளிர் முழுவதும். இச்சென், சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊறி வரும் தண்ணீர். ஊற்றடியில் கோடையோ மாரியோ 10, 11 பாகை செல்சியஸ்தான். உறைபனி விழுந்த காலையில் ஆற்றுக்குள் கை விட்டால் இதமாகக்கூட இருக்கும். வெளியே எடுத்த பிறகுதான் இருக்கிறது சங்கதி. ஆகவே ஒரு கையுறை இந்த ஆற்றில் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் நனைந்த கை காற்றில் படும் அந்தக் கணம்தான். கடைக்குள் காய்ந்த கையோடு போட்டுப் பார்த்தால் எந்தக் கையுறையும் நல்ல கையுறைதான்.

சரி, உங்கள் கையுறைக்கு வருகிறேன்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் பின்னால் மடித்து விடலாம். முடிச்சுப் போட வெறும் விரல் வேண்டும் என்பதால் அந்த யோசனை நல்லதுதான். 18ஆம் இலக்கச் சின்னக் கொக்கியின் கண்ணுக்குள் 0.12 மில்லிமீற்றர் தங்கூசி நூலைக் கோத்து முடிச்சுப் போடுவதை எந்தக் கையுறையோடும் செய்ய முடியாது. ஆனால் விரல் நுனியில் வெட்டு வைத்துவிட்டு, அதே கையுறையை முற்றிலும் நீர்புகாதது என்று எப்படிச் சொன்னீர்கள்? வெட்டுக்கு உள்பக்கம் ஒரு தடுப்பும் இல்லை. லைனில் வரும் தண்ணீர் நேராக அந்த வெட்டு வழியாக உள்ளே போகிறது. போன தண்ணீர் வெளியே வராது, ஏனென்றால் மற்றப் பக்கமெல்லாம் நீர்புகாத துணி! உள்ளே பஞ்சு அடைத்த அடித்துணி அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. முதல் நாள் இச்சென் கரையில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கழற்றியபோது கையுறையைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினேன்.

மடித்த நுனியைப் பிடித்து வைக்க வெல்க்ரோ வைத்திருக்கிறீர்கள். லைனைக் கையாளும் விரலின் முதுகில் வெல்க்ரோ வைப்பதைப் பற்றி என்ன சொல்வது? மெல்லிய தங்கூசி அதில் போய் மாட்டுகிறது, பூச்சி மாட்டுகிறது, வலை மாட்டுகிறது. ஒரு சின்னக் காந்தம் வைத்துத் தைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மலிவான கையுறைகளிலேயே அப்படி வருகிறது.

சூட்டு விடயம் இன்னும் மோசம். "விரல் நுனி வரை வெப்பம்" என்பது உங்கள் விளம்பரம். போட்டு, சூடாக்கி, எங்கெங்கே சுடுகிறது என்று தடவிப் பார்த்தால் உள்ளே கம்பி ஓடும் பாதை தெரியும். அது புறங்கையில் ஓடி, மோதிர விரலுக்கும் சின்னி விரலுக்கும் முழு நீளத்துக்குப் போகிறது. மடிக்கும் மூன்று விரல்களில் மடிப்புக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. மடியும் இடத்தில் கம்பியைக் கொண்டுபோக முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். லைன் இழுத்து, முடிச்சுப் போட்டு, மீனைக் கொக்கியிலிருந்து கழற்றும் விரல்கள் விறைத்துப் போக, ஒரு வேலையும் செய்யாத சின்னி விரல் மாப்பிள்ளை மாதிரிச் சூடாக இருக்கிறது.

பற்றரி "6 மணி நேரம்" தாங்கும் என்கிறீர்கள். பற்றரியில் 7.4 வோல்ற், 2200 மில்லி அம்பியர் மணி என்று பொறித்திருக்கிறது. பெருக்கினால் 16 வாற் மணி சொச்சம். உங்கள் புத்தகத்திலேயே உச்சச் சூட்டுக்கு 8 வாற் என்று இருக்கிறது. ஆக, எல்லாம் நன்றாக இருந்தாலும் உச்சத்தில் 2 மணி நேரம்தான் ஓடும். குளிரில் லித்தியம் பற்றரியின் கொள்ளளவு இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதனால் ஆற்றங்கரையில் அதுவும் கிடைக்கவில்லை. 6 மணி நேரம் என்பது ஆகக் குறைந்த சூட்டுக்கு. அந்தச் சூடு நனைந்த கையுறைக்குள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. விற்பனைப் பக்கத்தில் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பற்றரியை வைத்த இடமும் பிழை. மணிக்கட்டின் உள்பக்கம், இறுக்கமான இலாஸ்ரிக் பட்டிக்குள். நாடி பிடித்துப் பார்க்கும் இடம் அது. கைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரத்தக்குழாய் தோலுக்குக் கிட்டவாக ஓடுவது அங்கேதான். விரலில் தசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, விரலை ஆட்டும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரல் தனக்குத் தானே சூடு உண்டாக்காது, மேலேயிருந்து வரும் இரத்தத்தைத்தான் நம்பி இருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் முதலில் அந்த இரத்தத்தைத்தான் உடம்பு குறைக்கும். அதனால்தான் மீன்பிடிக்கிற பழைய ஆட்கள், கழுத்தையும் நெஞ்சையும் மூடு, மணிக்கட்டுக்குக் கம்பளிப் பட்டி போடு, விரலைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். நீங்கள் அந்த இடத்தில் ஒரு கட்டியை வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள்.

மீன் பிடிபட்ட பிறகு நடப்பதையும் எழுதியாக வேண்டும். கிரேலிங்கைத் திரும்ப விட வேண்டும் என்றால் வெறுங்கையை நனைத்துத்தான் தொட வேண்டும். துணி பட்டால் அதன் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்துபோகும், மீனுக்கு நல்லதல்ல. எனவே ஒவ்வொரு மீனுக்கும் கையுறை கழற்றியாக வேண்டும். உங்கள் கையுறையில் பட்டியைத் தளர்த்தி, வயர் முனையைக் கவனித்து, இழுத்துக் கழற்றும்போது உள் அடித்துணியும் விரலோடு வெளியே வந்துவிடுகிறது. அடித்துணியை விரல் நுனியில் ஒரு தையல் போட்டுப் பிடித்திருந்தால் வராது. ஈரக் கையோடு அதைத் திரும்ப உள்ளே தள்ளி விரலை நுழைக்கும் அவதியில், வலைக்குள் கிடக்கும் மீனைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை. மீனை முதலில் விட்டுவிட்டு, அந்தக் கையுறையைப் பையில் போட்டுவிட்டு, பழைய கம்பளிக் கையுறையைத்தான் எடுத்தேன்.

இன்னுமொன்று. இலவசம் என்று இரண்டு சூட்டுப் பைகளும் அனுப்பியிருந்தீர்கள், நன்றி. ஆனால் அவற்றைப் புறங்கையிலிருக்கும் ஸிப் வைத்த, காற்றுப் புகாத பைக்குள் வைக்கச் சொல்கிறது உங்கள் குறிப்பு. அந்தச் சூட்டுப் பைகளுக்குள் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். இரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் சூடு வரும். காற்றை அடைத்தால் சூடும் அடைபட்டுப் போகும். என் மேலங்கிப் பொக்கெற்றில் வைத்தபோது அதே பை நன்றாகவே வேலை செய்தது.

நான் ஒன்றும் நடக்க முடியாததைக் கேட்கவில்லை. ஆற்றில் என்னோடு நிற்கும் பலர் விரல் நுனியில்லாத கம்பளிக் கையுறை இரண்டு சோடி வைத்திருப்பார்கள்; ஒன்று நனைந்தால் மற்றது. கழுத்தில் ஒரு துவாய், பொக்கெற்றில் ஒரு சூட்டுப் பை. நனைந்த கம்பளி பஞ்சுத் துணிபோல ஒரேயடியாகக் கைவிடுவதில்லை. (கிரேலிங்குக்கும் கம்பளி பிடிக்கும் என்பது வேறு கதை. வில்ற்ஷயர் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங் சோயர் கிரேலிங்குக்கென்று செய்த பூச்சி, சாட்விக்ஸ் 477 என்ற கம்பளி நூலையும் செம்புக் கம்பியையும் கொக்கியில் சுற்றியதுதான்.) அதற்கெல்லாம் ஆகும் செலவு உங்கள் கையுறையின் விலைக்குக் கிட்டவும் வராது. கூடக் காசு கொடுத்து வாங்கியதே, அதைவிட நல்லது கிடைக்கும் என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான்.

இனிச் சட்டம். 14 நாள் முடிந்துவிட்டது, பாவித்த பொருளை எடுக்க மாட்டோம் என்று தம்பி சொன்னார். அவர் சொல்லும் 14 நாள், இணையத்தில் வாங்கிய பொருள் காரணமில்லாமலே வேண்டாம் என்று தோன்றினால் திருப்பிக் கொடுப்பதற்கானது. 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் வருவது. நான் மனம் மாறிக் கேட்கவில்லை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி ஒரு பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன தேவைக்குப் பொருந்த வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் அதை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். மீன்பிடிக் கையுறையை மீன்பிடிக்கப் பாவித்துப் பார்த்தது அந்த உரிமையைப் பறிக்காது. பாவிக்காமல் குறை எப்படித் தெரியும்? உங்கள் வாரன்டியில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம் தந்த உரிமை அதற்கு மேலே நிற்கும். பொருள் கிடைத்தது 5ஆம் திகதி, இன்று 23. இந்தக் கடிதத்தையே நிராகரிப்பு அறிவித்தலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

129 பவுணையும் நான் செலுத்திய கடனட்டைக்கே திருப்பி அனுப்புங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் அது வர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதே. வேறு நிறம், வேறு அளவு, கடைக் கூப்பன் எதுவும் வேண்டாம். ஜனவரி 6ஆம் திகதிக்குள் பதில் இல்லையென்றால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி என் கடனட்டை வங்கியிடம் கேட்பேன். 100 பவுணுக்கு மேற்பட்ட விலை என்பதால் அந்த வழி எனக்குத் திறந்திருக்கிறது.

விற்பனைப் பக்கத்தையும் திருத்துங்கள். "முற்றிலும் நீர்புகாதது" என்பதை எடுத்துவிட்டு, தூறலில் நடக்கப் போகிறவர்களுக்கு நல்ல கையுறை என்று போடுங்கள். அந்த வேலைக்கு அது மோசமில்லை; நாயோடு நடந்தபோது நன்றாகவே சுட்டது.

கையுறையைக் காயவைத்து, பெட்டியில் போட்டு, பற்றரிகளைக் கழற்றி முனைகளில் ரேப் ஒட்டி வைத்திருக்கிறேன். லித்தியம் பற்றரிகளைத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால், உங்கள் கூரியரையே அனுப்புங்கள். வார நாட்களில் மாலை 6 மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். பற்றுச்சீட்டு, விற்பனைப் பக்கத்தின் பிரதி, புத்தகத்தின் கடைசிப் பக்கப் படம், நனைந்த அடித்துணியின் படங்கள் இத்துடன் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்