ஒன்று விட்டு ஒன்று

அலங்காநல்லூர்,
பங்குனி 10

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தோப்பில் மரம் வெட்டு நடக்கிறது, அதனால் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மடிப்பெல்லாம் மரத்தூள். பேத்திக்கு மொட்டை போட அழகர்கோவில் வருகிறீர்கள் என்றதும் வீட்டில் ஒரே சந்தோஷம். மூட்டு வலியைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் அதே கதைதான், விடு.

நத்தத்து நிலத்தில் தேக்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. எப்படி நடுவது என்று சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் வெட்டுகிறதைப் பற்றிச் சொல்கிறேன். அதில்தான் நான் கோட்டை விட்டவன்.

2010-ல் ஒரு ஏக்கரில் 6 அடிக்கு 6 அடி, 1210 கன்று வைத்தேன். அவ்வளவு நெருக்கி வைப்பது, பக்கக் கிளை அடிக்காமல் வெயிலைத் தேடி நேராக மேலே போகட்டும் என்றுதான். நாலைந்து வருஷத்தில் ஒன்று விட்டு ஒன்று எடுத்து 605 ஆக்கிவிட வேண்டும். பத்து வருஷம் வாக்கில் மறுபடியும் இடை மரம் எடுக்க வேண்டும். தெரிந்தும் செய்யவில்லை. குடம் சுமந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தது, கை தண்டிகூட ஆகவில்லை, அதை எப்படி வெட்ட? பக்கத்துத் தோட்டக்காரர் வெட்டியபோது, காசுக்கு அலைகிறான் என்று சிரித்தேன்.

இப்போது அவர் மரம் 32 அங்குலச் சுற்று, என்னுடையது பெரும்பாலும் 16. பாதிதானே குறைவு, இரண்டு மரம் சேர்ந்தால் அவருடைய ஒன்றுக்குச் சமம் என்று நினைப்பாய். மரக்கடைக் கணக்கு அப்படி இல்லை. சுற்றை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 10 அடிக் கட்டைக்கு என் மரம் 1 கன அடி சொச்சம், அவருடையது கிட்டத்தட்ட நாலரை. நான் பாசமாகக் காப்பாற்றிய இரண்டும் சேர்ந்து அவருடைய ஒன்றில் பாதி! வைரம் பாய்ந்த நடுப்பகுதியை மட்டும் கணக்குப் பார்த்தால் இன்னும் மோசம்.

இதில் ஒரு மர வியாபாரி வேறு வந்தார். "ஒல்லி மரமெல்லாம் வேணாம்ணே, பெரிசா இருக்கிற இருநூறை மட்டும் குடுங்க, கையில ரொக்கம். மிச்சம் சின்னதுதானே, வளரட்டும்" என்றார். தலையை ஆட்டத்தான் இருந்தேன். நம்ம ஊர்ப் பக்கம் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அன்றைக்கு வந்திருந்தார். "ஒல்லியா இருந்தா இளசுன்னு அர்த்தமா? எல்லாம் ஒரே நாள்ல வச்சதுதானே. இத்தனை வருஷம் தோத்த மரம் இனிமே ஜெயிக்கவா போகுது? நல்ல காளையை வித்துட்டு நோஞ்சானை வாடிவாசலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். அலங்காநல்லூர்க்காரனிடம் அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

ஐப்பசியில் இலை இருக்கும்போதே அவரோடு நடந்து குறி போட்டோம். அடியைப் பார்க்காதே, உச்சியைப் பார் என்பார். எது இன்னொன்றின் தலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறதோ, எது கவை விட்டதோ, கோணியதோ, அதற்குச் சுண்ணாம்பு. இரண்டு நாள் அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரேயடியாகப் பாதியை எடுக்க விடவில்லை. நெருக்கத்தில் வளர்ந்தது ஒன்றையொன்று சாய்ந்து நிற்பது, திடீரென்று திறந்துவிட்டால் ஆடிக் காற்றில் படுத்துவிடுமாம். தண்டில் வெயில் பட்டுப் பக்கத் துளிர் வெடித்துக் கணுவும் விழுமாம். அதனால் இந்த வருஷம் 350 மட்டும்.

இலை உதிர்ந்து தலை லேசானதும் ஆட்கள் வந்தார்கள். விழுகிற பக்கம் ஆப்பு மாதிரி ஒரு வாய் வெட்டி, எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் மேலே மிஷின் ரம்பத்தால் அறுக்கிறார்கள். நடுவில் விரல் தண்டிக்கு அறுக்காமல் விடுகிறார்கள். அதுதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பிப் படுக்க வைக்கிறது. என் தோப்பில் படுக்க ஏது இடம்? மூன்றாவது மரம் அறுபட்டும் விழாமல் பக்கத்து மரத்தில் தலை சிக்கி நின்றது. சின்னப் பையன் ஒருவன், தாங்குகிற மரத்தையும் அறுத்துவிடலாம் என்று அதன் அடியில் போகப் போனான். மேஸ்திரி போட்ட சத்தம் மெயின் ரோடு வரை கேட்டிருக்கும். அடிக்கட்டையில் கயிறு கட்டி, டிராக்டரை வைத்துப் பின்பக்கமாக இழுத்த பிறகுதான் 'சர்ர்' என்று இறங்கியது. எனக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை.

எடுத்த கம்பெல்லாம் பந்தல் காலுக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் போய்விட்டது. கூலி, வண்டி வாடகை போகக் கையில் நின்றது பெரிசாக ஒன்றுமில்லை. வெட்டிய கட்டையில் மழை விழுந்தால் கரும்பு மாதிரி மறுதாம்பு கிளம்பும். அதையும் ஒடித்துவிட வேண்டும்.

போன வருஷம் கேரளாவில் நிலம்பூர் போயிருந்தேன், சொன்னேனா? மலபார் கலெக்டர் கனோலி காலத்தில், சாத்து மேனன் பொறுப்பில் 1846-ல் வைத்த தேக்கு இன்னும் நிற்கிறது. ஒன்றைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தேன், கை பாதிகூடச் சுற்றவில்லை. அண்ணாந்து பார்த்தால் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே அவ்வளவு வானம்.

கன்று வாங்கும் முன் ஒருமுறை வந்து இதையெல்லாம் பார். அழகர்கோவிலிலிருந்து வரும்போது எனக்குக் கோவில் தோசை இரண்டு வாங்கி வா. போன தடவை ஒன்றுதான் வாங்கி வந்தாய், அதிலும் பாதியை நீயே தின்றுவிட்டாய்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்