இரண்டு கையும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால்தான் மனதில் இருப்பது முழுசாக வருகிறது. மெதுவாகப் படி.

நம் யூதச் சபைக்கு இத்தனை வருஷம் குருவாக, ரபியாக இருந்தவரைப் பற்றி, "கல்யாணத்தை நடத்தித் தர முடியாதாம்மா, புது ரபியைக் கேட்கச் சொல்லிட்டார்" என்றாய். அவர் உன்னைக் கைவிடவில்லை, கண்ணு. ஓய்வு பெற்ற ரபி தன் பழைய சபையில் கல்யாணமோ அடக்கமோ, புது ரபி அழைக்காமல் நடத்திவைப்பதில்லை. அது ரபிகளுக்குள் இருக்கும் ஒழுங்கு. 29 வருஷம் இருந்த நம் தொழுகைக்கூடத்துக்கு, நம் சினகாக்குக்கு, ஒரு வருஷமாக அவர் வரவே இல்லை. ஓய்வுநாளான ஷபாத் அன்று, சனிக்கிழமை காலையில், பக்கத்து ஊர் சினகாக்கில் கடைசி வரிசையில் உட்காருகிறாராம். அவர் மனைவி சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அவர் இங்கே வந்தால் நம் ஆட்கள் மேடையைப் பார்க்கமாட்டார்கள், அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அது தெரிந்துதான் ஒதுங்கியிருக்கிறார்.

எனக்கு அவர் யார் என்று உனக்குத் தெரியும். நான் மதம் மாற முடிவெடுத்தபோது ஒன்றரை வருஷம் புதன்கிழமைதோறும் எதிரே உட்கார்ந்து அலெஃப், பெத் என்று எனக்கு எபிரேய எழுத்து சொல்லிக்கொடுத்தவர். மிக்வா என்ற சடங்குக் குளத்தின் தண்ணீரில் மூழ்கி எழுந்து ஆசி வாக்கியத்தைத் தடுமாறிச் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் "ஆமென்" என்றார்கள். அதில் அவர் குரலை மட்டும் தனியாக அடையாளம் கண்டேன்.

அப்போது அவரும் புதுசுதான். உன் அப்பாவின் அம்மா என்ன சொல்வார் தெரியுமா? "நல்ல பையன்தான், ஆனால் பழைய ரபி மாதிரி வராது." பத்து வருஷம் அதையே சொன்னார். பிறகு உன் பாட்டியின் அடக்கத்தில் அழுதபடி பேசியது அந்த "நல்ல பையன்"தான்.

போன வருஷம் ஜூலையில், அவருடைய கடைசி ஷபாத்துக்கு, எண்ணாகமத்தில் மோசே தனக்குப் பின்னால் ஒருவரைக் கேட்கும் பகுதி வந்தது. சபை மேய்ப்பன் இல்லாத மந்தைபோல ஆகிவிடக் கூடாது என்று கெஞ்சுகிறார். யோசுவாவின் மேல் உன் கையை வை என்று கடவுள் சொல்கிறார். ஒரு கை. ஆனால் மோசே வைத்தது இரண்டு கையையும். ரபி அன்று இதைத்தான் விளக்கினார். சொன்னதற்கு மேல் மனசாரக் கொடுத்தார் என்று பொருள் சொல்லிவிட்டு, தன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். மேற்கொண்டு பேச முடியவில்லை. பழைய ரபிகளின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூதில் இதையொட்டி ஒரு வரி உண்டு: மோசேயின் முகம் சூரியன், யோசுவாவின் முகம் நிலா, அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் அதைப் பார்த்து வெட்கம், வெட்கம் என்று புலம்பினார்களாம். அதைப் படித்தபோது எனக்கு என் மாமியார் ஞாபகம்தான் வந்தது.

இடைக்கால ரபி இருந்த ஒரு வருஷம் நான் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை. பாட்டின் மெட்டு மாறினால் வாயை மூடிக்கொண்டேன். ஷபாத்தை வரவேற்கும் லெகா தோதி பாட்டுக்கு வேறு மெட்டு போட்டதற்காகச் சபை நிர்வாகத்தோடு சண்டையே போட்டேன். இரண்டு குடும்பங்கள் விலகிப் போயின. நானும் போயிருப்பேன். போகாததற்குக் காரணம், அதற்கு முன்பு அப்பா இறந்த அந்தக் குளிர்காலம்.

நீ சிகாகோவில் அப்பாவுக்காக 11 மாதம், இறந்தவர்களுக்காகச் சொல்லும் காதிஷ் தொழுகையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். மனைவிக்குக் கடமை 30 நாள்தான், ஆனால் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. ஒரு சாயங்காலம் பனி முழங்கால் அளவுக்குக் கொட்டியது. ரபி ஊரில் இல்லை. என்னோடு சேர்த்து ஒன்பது பேர். பத்துப் பேர் இல்லாமல் காதிஷ் இல்லை. யாரோ மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. மேலே கோட்டு, கீழே கட்டம்போட்ட பைஜாமா, பூட்ஸெல்லாம் பனி. ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். அன்று எனக்குக் காதிஷ் கிடைத்தது அவரால். அந்த மனிதர் இன்றும் அதே வரிசையில்தான் உட்காருகிறார், கண்ணு. அவர்களை விட்டு நான் எங்கே போவேன்?

அதனால்தான் புது ரபியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சேரச் சொன்னபோது ஒத்துக்கொண்டேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஷபாத் தங்கி, தொழுகை நடத்தி, பாடம் எடுத்தார்கள். எல்லாரும் நன்றாகவே பேசினார்கள். இப்போது புது ரபியாக இருக்கும் இந்தப் பெண் மட்டும், தொழுகைக்குப் பிறகு நடக்கும் கிடுஷ் விருந்து முடிந்து கேக்கும் ஹெர்ரிங் மீனும் காலியான பிறகு, நினைவுப் பலகைச் சுவர் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் யாருக்கெல்லாம் யார்ட்சைட்டோ, அதாவது நினைவு நாளோ, அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு எரியுமே, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "இதைச் சரியாக எப்படிச் சொல்வது?" என்று ஒரு பெயரைக் காட்டினார். உன் அப்பா பெயர். நான் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. நீ கோபித்துக்கொள்வாய் என்று பயம்.

கல்யாணப் பந்தலான ஹூப்பாவுக்குக் கீழே நம் ரபி நிற்க வேண்டும் என்பது என் ஆசையும்தான். ஆனால் அவரைக் கூப்பிட வேண்டியது நீயில்லை, நானுமில்லை. முதலில் புது ரபிக்குப் போன் செய். உன் மனதில் இருப்பதை அப்படியே சொல். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கலாமா என்று கேள். உன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்.

செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அலுவலகத்தில் இருப்பார். பேசி முடித்ததும் எனக்குச் சொல். வெள்ளிக்கிழமை என்றால் ஷபாத் விளக்கேற்றுவதற்கு முன்னால் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா