எங்களுக்கு முன்பே அவளைத் தூக்கிய கைகளுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

போன வாரம் எங்கள் மகளின் தத்து ஆணை கைக்கு வந்தது. மொத்தம் இரண்டு தாள். அவள் பெயரும் எங்கள் இருவர் பெயரும் அதில் இருக்கின்றன. அதில் இடம்பெறாதவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் பெயர்களை இங்கேயும் எழுதப்போவதில்லை. அவள் கதை அவளுடையது. அவள் வளர்ந்து கேட்பதற்கு முன் ஊருக்கு நான் சொல்லக்கூடாது. ஆனாலும் படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

குடும்ப ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. வருமானச் சான்று கேட்பீர்கள், அறைகளைப் பார்ப்பீர்கள் என்று வீட்டைத் துடைத்துப் பெருக்கிக் காத்திருந்தோம். நீங்கள் கேட்டதெல்லாம் வேறு. சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது? சிறுவயதில் உங்களை அடித்தார்களா? கலைந்துபோன கருக்களின் துக்கம் ஆறிவிட்டதா? வயிற்றில் சுமந்து பிள்ளை பெறுபவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். "உங்களுக்குக் குழந்தை தேடுவது என் வேலை இல்லைம்மா. குழந்தைக்குக் குடும்பம் தேடுறதுதான் என் வேலை" என்றீர்கள். அன்றிரவு நாங்கள் இருவரும் வெகுநேரம் தூங்கவில்லை.

தத்து என்றால் ஒரே வழி, அதுவும் பச்சிளங்குழந்தை என்று நினைத்து வந்தவர்கள் நாங்கள். நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து மற்ற வழிகளையும் விளக்கினீர்கள். சொந்த வீட்டுக்குத் திரும்பும்வரை ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புப் பராமரிப்பு. திரும்ப வழியில்லை என்று ஆனபின் அதே வீட்டிலேயே தத்தாகத் தொடர்வது. பிரிக்கக்கூடாத அண்ணன் தங்கைகளைச் சேர்த்து ஏற்பது. பிறப்பின் வழித்தொடர்பை மாற்றாமல் பொறுப்பை மட்டும் ஏற்கும் கஃபாலா என்ற இஸ்லாமிய முறையை அன்றுதான் நான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை வளர்ப்புப் பராமரிப்பு, கஃபாலா, தத்து ஆகியவற்றை ஒரே வரிசையில் சொல்கிறது, குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதை அவற்றுக்குப் பிறகுதான் வைக்கிறது என்று காட்டினீர்கள்.

ஒரு பெரிய தவறிலிருந்தும் எங்களைக் காப்பாற்றினீர்கள். தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து குழந்தை வாங்கித் தருவதாகவும், பிரசவத்துக்கு முன்பே தாயிடம் பேசி முடித்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். அலுத்துப்போயிருந்த நாங்கள் அதையும் யோசித்துக்கொண்டிருந்தோம். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை நீங்கள் எடுத்து வைத்தீர்கள். தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகே பெறப்பட வேண்டும். அதற்குப் பணம் கைமாறக் கூடாது. பிறந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். அவர் சொன்ன ஏற்பாட்டில் இவை ஒன்றுமே இல்லை. அதற்குப் பெயர் தத்து இல்லை, குழந்தை விற்பனை. எங்களை அங்கே போகவிடாததற்கு என் வாழ்நாள் முழுக்க நன்றி சொன்னாலும் போதாது.

அடுத்து, பதினொரு மாதம் எங்களோடு இருந்த ஆறு வயதுப் பையனின் அம்மாவுக்கு. தங்கையே, நீ சிகிச்சை முடிந்து தேறி வந்து அவனைக் கூட்டிப்போன நாளில் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வளர்ப்புப் பராமரிப்பின் நோக்கமே அவன் உன்னிடம் திரும்புவதுதான் என்று பயிற்சியில் பலமுறை சொல்லியிருந்தார்கள். தெரிந்திருந்தும் தாங்க முடியவில்லை. நீ எங்களைப் போட்டியாகப் பார்த்திருக்கலாம். அப்படிப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனைப் பேச வைக்கிறாய். அவனுக்குப் பல் விழுந்ததைக்கூட எனக்குச் சொன்னாய். பிள்ளை ஒருவருக்குத்தான் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற என் பிடிவாதம் உன்னால்தான் தளர்ந்தது. அது தளராமல் இருந்திருந்தால் எங்கள் மகளுக்கு நான் சரியான அம்மாவாக இருந்திருக்க மாட்டேன்.

பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்கும் ஒரு வார்த்தை. இறந்துபோன தங்கையின் மூன்று பிள்ளைகளை ஒரே வாரத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்தவர் நீங்கள். "நான் என்ன தத்தா எடுத்தேன், எங்க வீட்டுப் பிள்ளைங்கதானே" என்பீர்கள். உலகத்தில் பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பாட்டி, சித்தி, மாமன் வீடுகளில்தான் வளர்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த பாராட்டில் நாலில் ஒரு பங்குகூட உங்களுக்குக் கிடைத்ததில்லை. இது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

இனி, எழுதக் கை நடுங்கும் இடம். எங்கள் மகளை ஐந்து வாரக் குழந்தையாகக் கையில் ஏந்தி, இரண்டு வயது நான்கு மாதம்வரை வளர்ப்புப் பராமரிப்பில் வளர்த்த அம்மா! அவள் உங்களைத்தான் அம்மா என்று அழைத்தாள். நீங்கள் அவளை உடனே எங்கள் கையில் கொடுத்துவிடவில்லை. முதல் வாரம் உங்கள் வீட்டில், உங்கள் மடியில் அவள் இருக்க, நாங்கள் தரையில் உட்கார்ந்து விளையாடினோம். அடுத்த வாரம் நாங்கள் குளிப்பாட்ட, நீங்கள் வாசற்படியில் நின்றீர்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீடு. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம்: எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்குவாள், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள், எந்த அழுகைக்கு என்ன பொருள். அவள் போர்வையையும் கொடுத்து, "துவைச்சிடாதீங்க, இந்த வாசம் கொஞ்ச நாள் அவளுக்கு வேணும்" என்றீர்கள். ஏழு வாரம் நான் அதைத் துவைக்கவில்லை. இரவில் விழித்து உங்களைத் தேடும்போது அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போவாள்.

உங்கள் மேல் அவள் வைத்த பாசத்தைப் பார்த்து, எங்களிடம் ஒட்டவே மாட்டாளோ என்று பயந்து உளவள ஆலோசகரிடம் போனேன். டாக்டர், நீங்கள் நேர்மாறாகச் சொன்னீர்கள்: ஒருவரிடம் ஒட்டத் தெரிந்த குழந்தைக்குத்தான் இன்னொருவரிடமும் ஒட்டத் தெரியும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வைப் பற்றியும் சொன்னீர்கள். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் இன்னும் நன்றாக. வீடு திரும்பும் வழியெல்லாம் நான் நினைத்தது ஐந்து வாரத்தில் அவளை ஏற்றுக்கொண்ட அந்த வளர்ப்பு அம்மாவைத்தான். எங்களுக்குக் கிடைத்த சிரிப்பில் பாதி அவர் போட்ட முதல்.

கடைசியாக, அவளைப் பெற்றவருக்கு. வருடத்துக்கு ஒரு கடிதம் என்று பேசிக்கொண்டோம். நீங்கள் எழுதிய முதல் கடிதம் அவளுடைய பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் ஏன் வளர்க்க முடியவில்லை என்று அதில் எழுதியிருப்பதை, அவளுக்குப் புரியும் வயது வந்ததும், ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்துக் காட்டுவோம். "கைவிட்டாள்" என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் உங்களைப் பற்றிச் சொல்ல விடமாட்டேன். வயிற்றிலிருந்து வந்தது உங்களிடம், வீட்டுக்கு வந்தது எங்களிடம் என்பது அவளுக்கு இப்போதே தெரியும். போன வாரம் ஆணையைப் பார்த்துவிட்டு, "வயித்தம்மா பேரு எங்கே?" என்று கேட்டாள். இதில் இல்லை, பெட்டியில் இருக்கிறது என்றேன். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, ஆணையை உங்கள் கடிதத்தின் மேல் வைத்து மூடினாள்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மாவும் அப்பாவும்