கோல்கீப்பரை 12 வயதிலேயே வளர்க்கத் தொடங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டப் பக்கத்தில் வரும் கால்பந்து டூர்னமென்ட் செய்திகளில் கோல் அடித்தவர் பெயர் தவறாமல் இருக்கும். கோல்கீப்பர் பெயர் அபூர்வமாகத்தான் தென்படும். செய்தியாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஊரிலும் நிலைமை அதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரை கடப்புறத்து ஊர்களில் பந்து உருளாத மாலைப்பொழுது இல்லை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்கே ஆடினார். அவர் நடுக்கள ஆட்டக்காரர். அவரைப் பார்த்து வளரும் பிள்ளைகளும் நடுக்களமோ முன்களமோதான் கேட்கிறார்கள். போஸ்ட்டுக்கு நடுவே யார் நிற்பது என்று வரும்போது, ஓட்டத்தில் பிந்தியவனையோ அன்றைக்குத் தாமதமாக வந்தவனையோ அங்கே தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளப்பட்டவன் 17 வயதில் ஒரு பெரிய அணியின் தேர்வுக்குப் போகிறான். முறையாகப் பயின்ற கோல்கீப்பர்களின் பக்கத்தில் நின்றதுமே தன் குறை அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த வயதில் அடிப்படையைத் திருத்துவது மிகவும் கடினம்.

தமிழ்நாட்டு அணியான சென்னை சிட்டி 2018-19இல் ஐ-லீக் பட்டத்தை வென்றபோது அதன் கோலைக் காத்தவர் ஸ்பெயின் நாட்டு நௌசெட் சந்தானா. வெற்றியில் நமக்கும் பெருமைதான். ஆனால் அந்த இடத்தில் நிற்க நம் பிள்ளை ஒருவன் தயாராக இல்லையே என்ற வருத்தமும் கூடவே வருகிறது. தொழில்முறைக் கால்பந்தில் இந்தியருக்கு வாய்ப்பு அதிகமுள்ள இடம் கோல்கீப்பர் இடம். களத்தில் இறக்கக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணிகள் அந்த இடங்களைப் பெரும்பாலும் கோல் அடிப்பவர்களுக்கே ஒதுக்கிவிட்டு, போஸ்ட்டில் இந்தியரை நிறுத்துகின்றன. கோல்கீப்பரின் ஆட்ட ஆயுளும் நீளம். விங்கில், அதாவது மைதான ஓரமாக, ஓடுபவருக்கு 32, 33 வயதிலேயே வேகம் குறையும். கோல்கீப்பர் டினோ ஸோஃப் 1982இல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வென்று தந்தபோது அவருக்கு 40 வயது. எகிப்தின் கோல்கீப்பர் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஆடினார்.

முன்களத்தில் ஆடிப் பழகியவன் கோல்கீப்பராக முடியாது என்றும் எண்ண வேண்டாம். பீட்டர் தங்கராஜ் ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் சென்டர் ஃபார்வர்டாகத்தான் தொடங்கினார். பிறகு கோல்கீப்பராக மாறி 1956, 1960 ஒலிம்பிக்குகளுக்குப் போனார், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார், 1967இல் அர்ஜுனா விருதும் பெற்றார். 10, 11 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் எல்லா இடத்திலும் ஆடட்டும். அந்தப் பழக்கம் பின்னால் கைகொடுக்கும். 1992இல் பேக் பாஸ் விதி வந்த பிறகு, சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. இரண்டு காலாலும் பாஸ் கொடுக்கத் தெரியாதவனை இன்று எந்தப் பயிற்சியாளரும் எடுப்பதில்லை.

12 வயதில் தனிப் பயிற்சி தொடங்க வேண்டும். முதல் தடை போஸ்ட்டின் அளவு. பெரியவர்களின் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். நாலரை அடிப் பிள்ளையை அதில் நிறுத்தினால் தலைக்கு மேல் போகும் பந்துக்கெல்லாம் கோல் விழும். ‘என்னால் முடியாது’ என்று அவன் கோட்டோடு ஒட்டிக்கொள்வான். கோட்டில் ஒட்டி நிற்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், முன்னேறி வந்து கோணத்தை அடைப்பதை, அதாவது அடிப்பவருக்குத் தெரியும் கோல் இடைவெளியைக் குறைப்பதை, கற்றுக்கொடுக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். கடற்கரை ஊர்களில் பழைய வலைக்கும் நைலான் கயிற்றுக்கும் பஞ்சமில்லை. கிராஸ்பாருக்குக் கீழே, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இறுக்கமாகக் கயிறு கட்டி, கயிற்றுக்கு மேலுள்ள இடைவெளியைப் பழைய வலையால் மூடிவிடலாம். இரண்டு கழிகளை நட்டு அகலத்தை 5 மீட்டராகக் குறைக்கலாம். பந்தும் 5ஆம் எண் வேண்டாம், அதைவிடச் சிறிய 4ஆம் எண் போதும். 14 வயதில் முழு அளவுக்கு மாறினால் சரியாக இருக்கும்.

டைவ் அடிக்கக் கற்பிப்பதில்தான் பெரும்பாலான ஊர்களில் தவறு நடக்கிறது. தூரத்திலிருந்து ஓங்கி அடித்துவிட்டு ‘விழுடா’ என்று கத்தினால் பிள்ளை முழங்கையை ஊன்றித்தான் விழுவான். தோளில் அடிபட்டதும் பயம் வந்துவிடும். முதலில் உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் உருட்டிவிடும் பந்தைப் பிடித்துச் சாய வேண்டும். அது பழகிய பிறகு முட்டிபோட்டு, அப்புறம் குந்திய நிலையில், கடைசியாக நின்றபடி. தரையோடு வரும் பந்துக்கு உடம்பு தரையைத் தொடும் வரிசை இது: கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடை, இடுப்பு, விலா, தோள். ஒரு கை பந்துக்குப் பின்னால், மறு கை பந்தின் மேல். முழங்கை உடம்புக்கு முன்னால் மடங்கியிருக்க வேண்டும், அடியில் மாட்டக் கூடாது. விழும் திசையும் முக்கியம். பந்து வரும் பக்கத்துக் காலால் முன்னோக்கிச் சாய்வாக ஓர் அடி வைத்து விழுந்தால் பந்து கையில் பட்டாலும் வெளியே போகும். பின்னோக்கி விழுபவன் கையில் பட்ட பந்து கோலுக்குள்தான் போகும்.

இதைவிட அடிப்படையான ஒன்று, பந்து அடிக்கப்படும் நொடியில் இரண்டு காலும் தரையில் இருப்பது. எதிராளி காலை ஓங்கும்போதும் நகர்ந்துகொண்டே இருப்பவனால் திசை மாற்ற முடியாது. பெனால்டி 11 மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கப்படுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.4 நொடியில் கோட்டைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஒரு முடிவுக்கும் ஒரு தாவலுக்கும்தான் இடம். உதைக்கும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு பாதமாவது கோல் கோட்டின் மேலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும் என்பது விதி. முந்திக் குதித்துத் தடுத்தால் மறுபடியும் அடிக்கச் சொல்வார்கள்.

நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் மணல். கடப்புற மணலில் விழுந்தால் வலிக்காது. பயம் தெளிகிறது, காலுக்கும் வலு ஏறுகிறது. ஆனால் மணலில் பந்து துள்ளாது, வழுக்கிப் பாயாது, காலும் புதைந்துதான் எழும். மணலிலேயே வளர்ந்தவன் புல் மைதானத்துக்குப் போனதும் தரையோடு பாயும் பந்துக்கு ஒரு கணம் பிந்துகிறான். உள்நாட்டு ஊர்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. செம்மண் மைதானம் வெயிலில் கல்லாக இறுகிவிடும். பிள்ளைகள் விழவே பயந்து நின்றபடி காலை நீட்டித் தடுக்கிறார்கள். ஆகவே டைவ் மணலில், கால் நகர்வும் பந்து பிடிப்பதும் கெட்டித் தரையில் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டுப் பள்ளிகள் மைதான ஓரத்தில் 6 மீட்டருக்கு 3 மீட்டர், ஓரடி ஆழத்தில் எம்-சாண்ட் கலக்காத மென்மணல் பரப்பினால் போதும். எம்-சாண்ட் தோலைக் கிழித்துவிடும்.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நமது. ஆண்டில் பாதி ஆட்டம் நனைந்த பந்தோடுதான். மழையில் எல்லாவற்றையும் பிடிக்க முயலக் கூடாது. மார்புக்கு நேராக வருவதை அணைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் வருவதைப் போஸ்ட்டுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். நேர் முன்னால் தட்டிவிட்டால் எதிரணி ஃபார்வர்டின் காலில்தான் விழும். கிளவுஸை ஆட்டத்துக்கு முன் லேசாக நனைத்துக்கொண்டால் பிடிப்பு கூடும். உள்ளங்கையில் இருக்கும் லேடெக்ஸ் காய்ந்தால் வழுக்கும். ஆட்டம் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மணலும் உப்பும் போகக் கழுவி, பிழியாமல் அழுத்தி நீரெடுத்து, நிழலில் காயவைக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் போட்டால் சில நாளிலேயே வெடித்துவிடும். பயிற்சிக்குப் பழைய ஜோடி, ஆட்டத்துக்கு நல்ல ஜோடி என்று இரண்டு வைத்துக்கொண்டால் செலவு குறையும். விரலுக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்த கிளவுஸ் சிறுவர்களுக்கு வேண்டாம். அதை நம்பி விரல் தசை வலுப்பெறாமல் போகும்.

விரல் காயத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். பந்து நுனியில் பட்டு விரல் பிசகினால் மைதானத்திலேயே யாராவது ‘இழுத்துவிடுகிறேன்’ என்று பிடித்து இழுக்கிறார்கள். உடைந்திருந்தால் அதோடு காரியம் கெட்டது. கைப்பக்குவம் உள்ள வர்ம ஆசான்மார் மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. அவர்களிடம் போவதானாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, விரலின் கடைசிக் கணு தொங்கிப்போய்த் தானாக நிமிராமல் இருப்பது. வலி அதிகம் இராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கும். அந்தக் கணுவை நேராக வைத்துத் தாங்கு பட்டை போட்டு 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் விடாமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை மடக்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. கோப்பை இறுதிப் போட்டியானாலும் சரி.

இனி தொழில். ஓர் அணியில் பொதுவாக மூன்று கோல்கீப்பர்கள் இருப்பார்கள், ஆடுபவர் ஒருவர். ஃபார்வர்டு கடைசி 10 நிமிடத்துக்காவது இறங்குவார். இரண்டாவது கோல்கீப்பர் சீசன் முழுக்கப் பெஞ்சிலேயே இருக்க நேரலாம். 18 முதல் 22 வயது வரை பெரிய அணியின் மூன்றாவது இடத்தைவிடச் சிறிய அணியில் வாரந்தோறும் ஆடும் இடம் மேலானது என்பது எங்கள் உறுதியான கருத்து. சம்பளம் குறைவு என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கும் கிராஸுக்கு எப்போது வெளியே வருவது, எப்போது நிற்பது என்ற முடிவு உண்மையான ஆட்டங்களில் மட்டுமே படியும். கடன் முறையில் தற்காலிகமாக வேறு அணிக்கு அனுப்புவதாகச் சொன்னால் தயங்காமல் போகட்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தந்து வந்த ரயில்வே, வங்கி, காவல்துறை, ராணுவ அணிகளையும் தாழ்வாக எண்ண வேண்டாம்.

கேரளத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் மலபார் செவன்ஸுக்குப் போவதைத் தடுக்க முடியாது. கைக்குப் பணம் கிடைக்கிறது. ஆனால் சின்ன மைதானத்தில் அருகிலிருந்து வரும் அடிகள்தான் அதிகம். உயரத்தில் மிதந்து வரும் கிராஸும், டிஃபெண்டர்களுக்குப் பின்னால் 30 மீட்டர் வெட்டவெளியைக் காப்பதும் அங்கே பழக்கத்துக்கு வராது. 19 வயதுக்கு முன் அதையே முழுநேரமாக்கிவிட்டால் 11 பேர் ஆட்டத்தில் தடுமாறுவான்.

விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2025-26 சீசனிலிருந்து கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை ரெஃப்ரி கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். பள்ளிப் போட்டிகளில் இதை இன்னும் பலர் அறியவில்லை.

மாவட்டக் கால்பந்துப் பொறுப்பாளர்களிடமும் தேவாலயப் பங்குகளின் விளையாட்டு மன்றங்களிடமும் நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு ஊருக்கும் தனியாகக் கோல்கீப்பர் பயிற்சியாளர் வைக்கப் பணமில்லை என்றால் நான்கைந்து ஊர்கள் சேர்ந்து ஒருவரை வையுங்கள். வாரம் இரண்டு மாலை, ஒரு வேளைக்கு 8 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கோல்கீப்பர் பயிற்சிக்கென்று தனிச் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. ஆடி ஓய்ந்த நம் ஊர்க் கோல்கீப்பர்களில் ஒருவரை மன்றச் செலவில் அதற்கு அனுப்பலாம். பெண் பிள்ளைகளையும் அதே வேளையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இளையோர் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறார்கள். வயதைக் குறைத்துக் காட்டியிருந்தால் அங்கே பிடிபடும். தேதி திருத்த வேண்டியிருந்தால் தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோல்கீப்பர் பயிற்சியாளர்கள் சிலர்,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.