இயற்கை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இந்த ஆண்டு நம் செயற்குழு ஐந்து முறை கூடியது. பொங்கலை ஒட்டிக் கடற்கரை நடை நடந்தது. பறவை பார்க்கும் நாள் மழையால் தள்ளிப்போய், அப்புறம் நடக்கவே இல்லை. பிள்ளைகளின் ஓவியப் போட்டிக்குப் பதினான்கு படங்கள் வந்தன.

மற்றபடி ஆண்டு முழுக்க நான் உழைத்தது சான்சிபார் செங்கொலோபஸ் குரங்குக்காக. "ஒரு குரங்கைப் பார்க்கக் கப்பல் ஏறிப் போகணுமா, வட்டத்துப் பணத்தில்?" என்று உறுப்பினர்கள் சிலர் நம் செய்திக் குழுவில் எழுதினார்கள். அன்று பதில் எழுதவில்லை, மனசு கஷ்டமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். இந்தக் குரங்குக்குச் சான்சிபாரின் பெரிய தீவான உங்குஜாவைத் தவிர உலகில் வேறு தாயகம் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் தீவு முழுக்க எடுத்த கணக்கில் 5,800க்குச் சற்று மேல் இருந்தன, அவ்வளவுதான் மொத்தமும். அங்குள்ள ஜோசானிக் காடு 2004இல் தேசியப் பூங்கா ஆன பிறகும் நிறையக் குரங்குகள் பூங்காவுக்கு வெளியே தோட்டங்களை ஒட்டித்தான் பிழைக்கின்றன. நமக்கு இரண்டு மணி நேரப் படகுப் பயணம். நாம் போய்ப் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?

மூன்று முறை போனோம். இரண்டாம் முறை பார்த்ததை மறக்க முடியாது. ஊரோரத்தில் ஆறிப்போன கரிமூட்டம் ஒன்றில், குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய் இறங்கி, ஒரு துண்டுக் கரியை எடுத்துக் கடித்துத் தின்றது. கையில் கட்டைவிரல் இல்லை, இருந்த இடத்தில் ஒரு சின்ன மொட்டுதான், கொலோபஸ் என்ற பெயரே ஊனப்பட்டது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கரியை ஏன் தின்கிறது? வீடுகளைச் சுற்றியிருக்கும் மா இலையிலும் நாட்டு வாதுமை இலையிலும் சத்து உண்டு, கூடவே துவர்ப்பான நச்சுப் பொருள்களும் உண்டு, அவற்றைக் கரி உறிஞ்சிக்கொள்கிறது. குட்டிகள் தாயைப் பார்த்தே இதைக் கற்றுக்கொள்வதாகத் தெரிகிறது. நம் ஊர்க் கருமந்திக்கும் இதற்கும் தூரத்து உறவு. இரண்டுக்கும் அறை அறையாகப் பிரிந்த இரைப்பை, அதில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன. அதனால்தான் பழுத்த இனிப்புப் பழத்தை விட்டுவிட்டுத் தளிரையும் காயையும் தேடுகிறது. தயவுசெய்து யாரும் வாழைப்பழம் எடுத்து வராதீர்கள், இதை இரண்டு முறை குழுவில் எழுதினேன்.

உள்ளூரில் இதைக் கிமா புஞ்சு, அதாவது விஷக் குரங்கு, என்பார்கள். இது மேய்ந்த மரம் பட்டுப்போகும் என்று பழைய நம்பிக்கை. இளந்தேங்காயைத் தின்று விளைச்சலைக் கெடுக்கிறது என்ற புகாரும் உண்டு. ஆனால் 1999இல் வெளியான ஆய்வில், குரங்கு அதிகம் தின்ற தோப்புகளில் அறுவடை குறையவில்லை என்று தெரிந்தது. பிஞ்சு குறைந்தால் மீதிக் காய் நன்றாகத் திரளுமோ என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். காட்டோரச் சாலையில் வேகத்தடை போட்டபின் அடிபட்டுச் சாவதும் குறைந்தது. இதையெல்லாம் பிள்ளைகளுக்காகத் தமிழில் எட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அச்சுக்குப் பணம் இல்லை.

ஏன் இல்லை என்றால், அறுபத்திரண்டு உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் இருபத்தேழு பேர். மூன்றாம் பயணத்துக்குப் பத்தொன்பது பேர் வருகிறேன் என்றார்கள், படகுச் சீட்டை என் கையிலிருந்து போட்டு எடுத்தேன், காலையில் துறைமுகத்தில் நின்றது எட்டுப் பேர். போனை எடுக்காதவர்களும் உண்டு. யார் பெயரையும் எழுதவில்லை. அவரவருக்கே தெரியும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டன, சிறு பற்றாக்குறை உண்டு, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பொருளாளருக்கும், ஜோசானியில் பொறுமையாகக் காட்டிய வழிகாட்டிக்கும், மூன்று பயணத்துக்கும் புளியோதரை கட்டித் தந்த அக்காவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது செயலாளராக முன்வந்தால் சந்தோஷமாக நோட்டை ஒப்படைப்பேன். வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் என் கைப்பணம் இனி இல்லை. பெருமழை ஓய்ந்ததும் ஜூன் மாதத்தில் மறுபடி ஜோசானி. மே 15க்குள் சந்தா வந்தவர்களுக்கு மட்டும் சீட்டு எடுப்பேன், பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்டினால் அந்த எட்டுப் பக்கமும் பள்ளி திறப்பதற்குள் அச்சாகிவிடும்.