வாசலில் இருக்கும் கடாரத்துக்கு இருபது நிமிடம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறைக்குப் போய்வர ஏற்ற ஊர்கள் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். மலாக்கா, ஜார்ஜ் டவுன், கேமரன் மலை, லங்காவி. எல்லாம் நல்ல ஊர்கள்தான். மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. ஆனால் கெடாவின் பீடோங்கில் உட்கார்ந்து அதைப் படித்த எனக்கு, பழைய கடாரத்தின் கோயில் சின்னங்கள் கிடைத்த எங்கள் பூஜாங் பள்ளத்தாக்கின் பெயரை ஒரு வரியிலாவது தேடிப் பார்த்து ஏமாற்றமாகிவிட்டது.

எங்கள் தோட்டத்திலிருந்து மெர்போக்கில் இருக்கும் பூஜாங் அருங்காட்சியகத்துக்குக் காடியில் அரை மணி நேரம்கூட ஆகாது. இருந்தும் நான் முதலில் பார்த்தது தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைத்தான். அங்கே வழிகாட்டி ஒருவர் சுவரில் இருந்த கல்வெட்டைக் காட்டி, 1025வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்ற கதையைச் சொன்னார். "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். கெடா என்றேன். "அட, கடாரத்துக்காரங்களா! அங்க இப்ப என்ன இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பது வயதில் வெட்கப்பட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அடுத்த விடுமுறையில் எங்கள் கோயில் மாதர் குழு, ஒரு சுற்றுலா முகவர் மூலம் பினாங்கு, லங்காவி போக ஏற்பாடு செய்தது. போகிற வழியில் பூஜாங்கும் உண்டு என்றார்கள். சரி, நல்லதாகப் போயிற்று என்று நானும் பெயர் கொடுத்தேன். பினாங்கில் சாக்லேட் கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். 1833இல் எழுந்த குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலை பஸ் ஜன்னல் வழியாகக் கும்பிட்டோம். பூஜாங்குக்கு இருபது நிமிடம், அதிலும் கழிப்பறை வரிசையில் பாதி போய்விட்டது.

அப்புறம் நாங்கள் ஆறு பேர் தனியாக வேன் பிடித்துப் போனோம். அதைத்தான் சொல்ல வந்தேன். ஜெராய் மலையடிவாரத்தில், ஓடைச் சத்தம் கேட்கும் இடத்தில் இருக்கிறது புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்றால் இங்கே பழங்காலக் கோயில். முழுக்கக் கருங்கல் அடித்தளம். கருவறை எது, முன்மண்டபம் எது என்று பிரித்துச் சொல்ல யாரும் தேவையில்லை, கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்குக் கால்களே சொல்லிவிடும். கூரை மட்டும் இல்லை. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பகுதியில் தோண்டிப் பார்த்தார். பிறகு 1960ஐ ஒட்டி இந்தச் சண்டியைச் சீரமைத்தார்கள். அப்போது அடியில் ஒன்பது குழிகள் கொண்ட கல்பேழைகள் கிடைத்தன. அதைக் கேட்டதும் எங்களோடு வந்த பெரியம்மா, "நம்ம மாரியம்மன் கோயில் கட்டுறப்போ நவரத்தினம் வச்சு மூடினோமே, அதானே இது?" என்றார். ஐம்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர்.

அதே பள்ளத்தாக்கில் இருக்கும் சுங்கை பத்துவில் நிலைமை வேறு. அங்கே கோயிலை விட இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறையும்தான் முக்கியம். கடாரம் என்றதும் நம்மவர்கள் சோழன் வென்றதை மட்டும் மார்தட்டிப் பேசுவார்கள். வெல்லும் அளவுக்கு அந்த ஊரில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. இரும்பு இருந்தது, துறைமுகம் இருந்தது, இந்துக்களும் பௌத்தர்களும் இருந்தார்கள். பட்டினப்பாலை "காழகத்து ஆக்கமும்" என்று பாடியிருக்கிறது. அந்தக் காழகம் கடாரம்தான் என்று உரைகாரர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தச் சின்னங்களில் பல, எங்களைப் போன்றவர்கள் வேலை செய்த தோட்ட நிலங்களில்தான் கிடைத்தன. செங்கல் தட்டுப்பட்டால் எங்கள் ஆட்கள் அதை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருப்பார்கள், யார் சொன்னார்கள் அவர்களுக்கு? 2013இல் இங்கே ஒரு சண்டியை வீட்டுமனைக்காக இடித்துத் தள்ளிய செய்தி வந்தபோது நாடே கொதித்தது. இரண்டு வாரத்தில் மறந்தும் போனோம்.

பினாங்குக்கு வருகிறவர்கள் காலையிலேயே புறப்பட்டால் பூஜாங்குக்கு அரை நாள் ஒதுக்கலாம். ஓடைக்கல் வழுக்கும், சிலிப்பர் போட்டுக்கொண்டு வராதீர்கள். நேரமிருந்தால் ஜெராய் மலை மேல் ஏறுங்கள். 1,217 மீட்டர் உயரம். கீழே வயல்வெளி, அதைத் தாண்டிக் கடல். கப்பல்காரர்கள் தூரத்திலேயே இந்த மலையைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தார்கள் என்று சொல்வார்கள். மேலே நின்று பார்த்தால் அதை நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

அடுத்த விடுமுறையில் மறுபடி போகிறோம். வேனில் இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. உங்கள் நிருபர் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், பசியாறல் எங்கள் செலவு.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
பீடோங், கெடா.