முகப்போடு நிற்கட்டும் அலுவலகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னபோதும், 90 மணி நேரம் என்று 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் பேசியபோதும் நாடெங்கும் எழுந்த விவாதம் ஓய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது இன்னும் ஓயவில்லை.

என் மகன் சென்னை நிறுவனம் ஒன்றின் மென்பொருள் வேலையைத் தேவகோட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டிலிருந்தே பார்க்கிறான். இரவு பத்து மணிக்கும் வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தூணில் சாய்ந்து அமெரிக்காக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பான். பேத்தி கதை கேட்டு வந்தால் ஐந்து விரலைக் காட்டுவான். அந்த ஐந்து நிமிடம் முடிவதற்குள் குழந்தை தூங்கிவிடும்.

செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்கள் எந்த வேலை எங்கே நடக்க வேண்டும் என்று யோசித்தே கட்டினார்கள். வெளியார் வருவதும் கணக்குவழக்குப் பேசுவதும் வீட்டின் முன்பகுதியான முகப்போடு நின்றுவிடும். வளவு குடும்பத்துக்கும் சடங்குகளுக்கும் உரியது. அதற்குப் பின்னால் சமையற்கட்டு. வரவுசெலவுப் பேரேடு நிலைப்படி தாண்டி உள்ளே வந்து சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

இதைச் சொல்வதால், நம் பாட்டன்மார் எல்லாம் நிறைவாக வாழ்ந்தார்கள் என்று நான் கதை கட்டுவதாக எண்ண வேண்டாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் மூன்று ஆண்டுக் கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்திருந்தார்கள். அங்கே கிட்டங்கி என்ற தொழிற்கூடத்தில் பகலெல்லாம் கைப்பெட்டி முன் அமர்ந்து கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். இங்கே ஆச்சிமார் தனியாகவே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாழ்க்கையின் விலையை அவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் கணக்கு முடிந்தால் ஊர் திரும்பலாம் என்ற ஒரு கெடு அதில் இருந்தது. என் மகனின் வேலையில் அப்படி ஒரு கெடு இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இது வெறும் மனக்குறையும் அன்று. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதைத் தளர்த்தி நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஆலையில் சங்கு ஊதினால் ஷிப்டு முடிந்தது. கைப்பேசியில் வரும் அழைப்புக்கு எந்தச் சங்கு ஊதுவது?

பணி நேரத்துக்குப் பின் வரும் அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இங்கே மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) ஒன்றைக் கொண்டுவந்தார். ஆனால் 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. எனவே தமிழக அரசே இதை முன்னெடுக்க வேண்டும் என்றும், தங்கள் நாளிதழ் இது குறித்துத் தலையங்கம் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கிடையே, இரவு எட்டு மணிக்கு மேல் மடிக்கணினி முகப்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று என் மருமகள் விதி வைத்திருக்கிறார். "அப்பச்சி, முகப்பில் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை" என்று மகன் என்னிடம் முறையிட்டான். நான் தலையிடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தேவகோட்டை.